நுரைவாரி

தமிழ் படித்தவன் இருக்கும் வீட்டுக்கு ஒரு புதிய கருவி வந்து சேர்ந்தால், அதற்குப் பெயர் வைக்கும் வேலை அவன் தலையில் விழுந்துவிடுகிறது. என் தம்பி தன் கடல்மீன் தொட்டிக்காக வாங்கிவந்த ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்ற கருவிக்குத் தமிழில் பெயர் கேட்டபோது முதலில் ‘புரத நீக்கி’ என்றேன். மருந்துச் சீட்டில் எழுதும் பெயர்போல இருக்கிறது என்று அவன் ஏற்கவில்லை. பிறகு அந்தக் கருவியைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நீரில் நுரையை எழுப்புகிறது. எழுந்த நுரையை ஒரு கிண்ணத்தில் சேர்க்கிறது. அழுக்கு அந்த நுரையோடு போய்விடுகிறது. எங்கள் ஊர் தூத்துக்குடி. உப்பளத்தில் விளைந்த உப்பை இங்கே ‘வாருவது’ என்றுதான் சொல்வோம். ஆகவே நுரைவாரி என்று வைத்தேன். தம்பி சிரித்தான், ஆனால் பெயர் வீட்டுக்குள் நிலைத்துவிட்டது. அம்மாவும் இப்போது அப்படித்தான் சொல்கிறாள்.

தம்பி சரக்குக் கப்பலில் பொறியாளன். ஆண்டில் பாதிக்கு மேல் கடலில் இருப்பவன், வீட்டுக்கு வந்தும் கடலை விட மனமில்லாமல் கூடத்தில் ஒரு துண்டு கடலை வைத்துக்கொண்டான் என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 250 லிட்டர். அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், பாறையை மேய்ந்துகொண்டிருக்கும் சில நத்தைகள், பூப்போல விரிந்து மூடும் சில மென்பவளங்கள். அவன் கப்பல் ஏறியபின் இவையெல்லாம் என் பொறுப்பு. கல்லூரியில் இருபது ஆண்டுகளாக நெய்தல் திணையைப் பாடம் நடத்தி வருகிறேன். இரங்கலும் இரங்கல் நிமித்தமும் எனக்குத் தெரியும். கடல்நீரில் அம்மோனியாவின் அளவு என்ன என்று ஒரு சிறு குழாயில் மருந்துத் துளிகளை விட்டு நிறம் பார்த்துச் சொல்வதை நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன்.

தொட்டியில் கல்பவளங்கள் கிடையாது. 2001ஆம் ஆண்டில் பாறையை உருவாக்கும் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சட்டம் வருவதற்கு முன் எங்கள் கடலில் நடந்ததை ஊரில் பெரியவர்கள் அறிவார்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் இரண்டு தீவுகள் இன்று நீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்ததே அதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. இவ்வளவும் தெரிந்த பிறகு கூடத்தில் அழகுக்காக ஒரு கல்பவளத்தை வைக்க யாருக்கும் மனம் வராது. தொட்டியில் இருக்கும் பாறை செயற்கையாக வார்த்தது. அதன்மீது இப்போது ஊதா நிறப் பாசிப் படலம் ஏறி உண்மைப் பாறைபோலவே தோன்றுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உப்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு, வாளியில் அடைத்து வெளிநாட்டிலிருந்து வரும் உப்பை விலைகொடுத்து வாங்குகிறோம். உப்பளத்து உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கடலின் மக்னீசியமும் பிறவும் பாத்தியில் எஞ்சும் கசப்புநீரோடு வடிக்கப்பட்டுவிடும். சமையலுக்கு வேண்டாத அந்த மிச்சம்தான் பவளத்துக்கு வேண்டும். ஆகவே எல்லாம் சேர்ந்த கலவை உப்பைச் சுத்திகரித்த நீரில் கரைத்து, ஒரு லிட்டரில் 35 கிராம் என்ற கணக்கில் கடலைத் தயாரிக்கிறோம். துறைமுகத்துக் கடல் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அந்த நீரில் எண்ணெயும் வேறு என்னவெல்லாமும் கலந்திருக்கும் என்று அறிந்த தம்பி அதைத் தொட்டிக்குள் விடமாட்டான். கப்பல்காரன் சொன்னால் மறுத்துப் பேச முடியாது.

இனி நுரைவாரிக்கு வருகிறேன். அது தொட்டிக்குள் இல்லை; கீழே மரப்பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு சிறு தொட்டியில் நிற்கிறது. ஒரு முழ உயரமுள்ள கண்ணாடிக் கூஜாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அகன்ற வயிறு, அதன்மேல் ஒடுங்கிய கழுத்து, கழுத்தைச் சுற்றி ஒரு கிண்ணம். அடியில் ஒரு பம்பு. பம்பின் சுழலியில் தட்டையான இதழ்களுக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான ஊசிகள் இருக்கின்றன. ஒரு மெல்லிய குழாய் வழியாக உறிஞ்சப்படும் காற்றை அந்த ஊசிகள் வெட்டி வெட்டி, மில்லிமீட்டரினும் சிறிய குமிழிகளாக்கி நீருக்குள் தள்ளுகின்றன. வயிற்றுப் பகுதி முழுக்கப் பால்போல வெளுத்துவிடுகிறது.

குமிழி என்பது நீருக்குள் இருக்கும் ஒரு சிறு காற்றுச் சுவர். மீன் உண்டு கழித்ததும், உண்ணாமல் விட்டதும், மென்பவளங்கள் சுரக்கும் வழுவழுப்பும் நீரில் கரைந்து கிடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை வெறுக்கும். இருமனம் கொண்ட இத்தகைய மூலக்கூறுகளுக்கு நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையே ஏற்ற இடம். ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காற்றிலும் வைத்துக்கொண்டு அங்கே ஒட்டிக்கொள்கின்றன. குமிழி மேலேறும்போது அவையும் ஏறுகின்றன. கழுத்தில் குமிழிகள் நெருங்கி நுரையாகின்றன. நுரையிலிருந்து நீர் வடிந்து கீழே இறங்க, அழுக்கு மட்டும் திரண்டு மேலே ஏறிக் கிண்ணத்தில் வழிகிறது.

மற்ற வடிகட்டிகளில் அழுக்கு சிக்கிக்கொள்ளும். நாம் கழுவும்வரை அது நீரோட்டத்திலேயே கிடந்து அழுகும். அழுகினால் அம்மோனியா, அதிலிருந்து நைட்ரைட், அதிலிருந்து நைட்ரேட். நுரைவாரி மட்டும்தான் அழுகுவதற்கு முன்பே அழுக்கை நீரைவிட்டு வெளியேற்றுகிறது. இதைத் தம்பி தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தபோது அருகிலிருந்த அம்மா, “பருப்பு கொதிக்கையில் நுரை எடுக்கிறதுதானே, இதுக்கு எதுக்குய்யா இவ்வளவு பேச்சு?” என்றாள். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விடுவாள். பாலின் புரதம் திரிந்து, சர்க்கரையின் அழுக்கையெல்லாம் சேர்த்துக்கொண்டு மேலே மிதந்து வரும். அதை வழித்துவிட்டால் பாகு கண்ணாடிபோல இருக்கும். நுரைவாரியின் தத்துவம் எங்கள் அடுக்களையில் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவந்திருக்கிறது.

அடுக்களையில் இல்லாத ஒன்று இதில் உண்டு. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி உடைந்துவிடும். உப்புநீரில் அவை எளிதில் கூடுவதில்லை. சிறியவையாகவே, தனித்தனியாகவே இருக்கின்றன. சிறியவையாக இருப்பதால்தான் அழுக்கு ஒட்டிக்கொள்ள அவ்வளவு பரப்புக் கிடைக்கிறது. நன்னீர்த் தொட்டிக்காரர்கள் இந்தக் கருவியை வாங்குவதில்லை. இது உப்பின் உதவியால் நடக்கும் காரியம்.

கருவியை வாங்கி நீரில் நிறுத்திவிட்டால் போதாது. அதைச் சரிப்படுத்த வேண்டும். நான் பழகியது அந்தக் கலையைத்தான். சரிப்படுத்துவதற்கு இருப்பது ஒரே ஒரு திருகு. நீர் வெளியேறும் குழாயில் உள்ள அதை மூடினால் கூஜாவுக்குள் நீர்மட்டம் உயரும்; திறந்தால் இறங்கும். மட்டம் கழுத்துக்குள் மிக உயரமாக ஏறினால் நுரை வடிவதற்கு நேரமில்லாமல், வெளிறிய தேநீர்போன்ற நீராகக் கிண்ணத்தை நிரப்பிவிடும். அழுக்கோடு நல்ல உப்புநீரும் போய்விடும். மட்டம் தாழ்ந்தால் நுரை கழுத்திலேயே காய்ந்து, கரிய பிசுக்காக ஒட்டிக்கொண்டு, கிண்ணத்துக்கு வராமலே நிற்கும். முன்னதை ஈர நுரை என்றும் பின்னதை உலர் நுரை என்றும் இதில் ஈடுபட்டவர்கள் சொல்கிறார்கள். ஈரமாக எடுத்தால் அதிகம் எடுக்கிறோம், கூடவே அதிகம் இழக்கிறோம். உலர்வாக எடுத்தால் எடுப்பது அடர்த்தியாக இருக்கும், அளவு குறைவு. இரண்டில் எது சரி என்பதற்குப் பொதுவான விடை இல்லை. மீன் கூடுதலாக உள்ள தொட்டிக்கு ஒன்று, பவளம் மட்டும் உள்ள தொட்டிக்கு வேறொன்று. பெரும்பாலோர் தொடங்கும் இடம் கழுத்தின் அடிவிளிம்பு. குமிழிகள் நுரையாக மாறும் கோடு அங்கே நிற்கும்படி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி. “அண்ணே, கால் சுற்று. அதுக்கு மேல ஒரு இழைகூடத் திருப்பக் கூடாது. அப்புறம் நாளைக்குத்தான் பாக்கணும்,” என்பான் தம்பி. புதிய கருவி முதல் சில நாள்கள் கண்டபடி பொங்கும், அல்லது ஒன்றுமே செய்யாமல் இருக்கும். உற்பத்தியின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை கழன்று, உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் படியும்வரை அதன் நடத்தையை நம்ப முடியாது. பழகிய பிறகும் அது தொட்டியில் நடக்கும் எதையும் உடனே உணர்ந்துவிடும். உறைந்த இரையைக் கரைத்துப் போட்டால் அதிலுள்ள கொழுப்பினால் நுரை ஒரு மணி நேரம் அமர்ந்துவிடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டாலும் அப்படித்தான். நுரை அமர்ந்ததைக் கண்டு திருகை மூடினால், எண்ணெயின் விளைவு தீர்ந்ததும் அது பொங்கி வழியும். பொங்குவதைக் கண்டு திறந்தால் மறுபடியும் அமரும். அன்றைய நுரையைப் பார்த்து அன்றைக்கே திருகுகிறவன் கருவியின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பான்.

நீர் ஆவியாவதும் கணக்கில் வரும். எங்கள் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் போய்விடும். போவது நீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். ஆகவே இழந்ததை நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். ஈடுசெய்யாவிட்டால் கீழ்த்தொட்டியின் மட்டம் இறங்கும், அதோடு நுரைவாரியின் மட்டமும் இறங்கும். திருகைத் தொடாமலே சரிப்படுத்தியது கலைந்துபோகும். மின்தடை வேறு. மின்சாரம் நின்றால் மேல்தொட்டியின் நீர் ஓரளவு கீழே இறங்கிக் கீழ்த்தொட்டியை உயர்த்திவிடும். மின்சாரம் திரும்பியதும், பம்பு அந்த நீரை மேலே ஏற்றி முடிப்பதற்குள் நுரைவாரி உயர்ந்த மட்டத்தில் ஓடத் தொடங்கிக் கிண்ணத்தைத் தாண்டி வழியும். முதல்முறை அப்படி வழிந்தபோது அந்த நாற்றம் கூடத்தில் இரண்டு நாள் இருந்தது. அழுகிய கடற்பாசியும் கருவாட்டுக் குழம்பும் கலந்ததுபோன்ற ஒன்று. “இம்புட்டு நாத்தமும் அந்தத் தண்ணிக்குள்ளயா இருந்துச்சு?” என்று அம்மா கேட்டாள். ஆமாம். கண்ணாடிபோலத் தெளிந்த நீரில் அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.

இந்தக் கருவி எவ்வளவு அழுக்கைத்தான் எடுக்கிறது என்பதை யாராவது அளந்திருக்கிறார்களா என்று எனக்கு ஓர் ஆவல். அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009 முதல் இதுபற்றிய ஆய்வுகளை வெளியிட்டார்கள். நீரிலுள்ள கரிமப் பொருளில் நுரைவாரிகள் எடுத்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். விலை கூடியதும் குறைந்ததும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. எடுக்கக் கூடியதை எடுத்தபின், எவ்வளவு நேரம் ஓடினாலும் மிச்சம் நீரிலேயே இருந்தது. நுரையில் ஒட்டும் இயல்பில்லாத பொருளை நுரை எப்படி எடுக்கும்?

இதைப் படித்தபோது ஓர் ஏமாற்றமும் ஓர் ஆறுதலும் சேர்ந்தே வந்தன. இவ்வளவு நுட்பமாகத் திருகி, ஒரு கோட்டைக் கழுத்தின் விளிம்பில் நிறுத்தி வைத்துப் பெறுவது அதிகம் போனால் மூன்றில் ஒன்று. ஆனால் அந்த மூன்றில் ஒன்றால்தான் தொட்டி நிற்கிறது. எஞ்சியதைப் பாறையின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் சிதைக்கின்றன. பாசி கொஞ்சம் உண்கிறது. பாசியை நத்தை மேய்கிறது. வாரம் 25 லிட்டர் நீரை மாற்றுவதில் கொஞ்சம் போகிறது. முற்றிலும் தூய நீரில் மென்பவளம் வெளிறிச் சுருங்கிவிடும் என்பதையும் கண்டிருக்கிறேன். அவற்றுக்கு நீரில் ஏதோ இருக்க வேண்டும். நீரைத் தூய்மையாக்குவது நுரைவாரியின் வேலை என்று நினைத்திருந்தேன். அழுக்கு சேரும் வேகத்தை, மற்றவர்கள் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைப்பதே அதன் வேலை என்று இப்போது விளங்குகிறது.

கல்பொரு சிறுநுரையார் என்றொரு சங்கப் புலவர் உண்டு. குறுந்தொகையில் 290ஆம் பாடல் அவருடையது. அந்த ஒரு பாடலே கிடைக்கிறது. இயற்பெயர் மறைந்து, பாடலில் ஆண்ட உவமையே பெயராகிவிட்டவர்களில் அவரும் ஒருவர். பாறையில் மோதும் சிறிய நுரை சிறிது சிறிதாக இல்லாமல் போவதைத் தலைவி தன் நிலைக்கு உவமையாக்குகிறாள். ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்துகிறேன். ஒரே அலையில் அழிந்துபோனால் அது வேறு துயரம். இது மோதும்தோறும் கொஞ்சம் குறைவது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைவது என்று மாணவர்களிடம் சொல்வேன். நுரைவாரியைப் பார்த்துப் பழகியபின் இன்னொன்றும் சொல்கிறேன். கடற்கரையில் நிற்கும் நுரை வெறும் நீரும் காற்றும் மட்டுமன்று. கடலில் கரைந்திருக்கும் உயிர்ப்பொருள்கள்தாம் அதைச் சிறிது நேரம் நிற்கவைக்கின்றன. அலை பாறையில் மோதும் இடமெல்லாம் கடல் தன் நுரையைத் தானே வாரிக் கரையில் ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. மாணவர்களுக்கு இது பிடிக்கிறது. தேர்வில் எழுதுவதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவை வழக்கமான சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றபோது மருத்துவர் அவளிடம் சிறுநீர் நுரைக்கிறதா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், ரொம்ப நாளாக நுரைக்கிறது, சோப்புத் தண்ணீர்போல, என்றாள். மகனிடம் சொல்லும் விஷயமா என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். வேகமாக விழுந்தால் எவருக்கும் கொஞ்சம் நுரைக்கும், ஆனால் நாள்தோறும் நுரைத்து, அந்த நுரை அடங்காமல் நின்றால் சிறுநீரில் புரதம் போகிறது என்று பொருள் கொள்ள வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். சோதனையில் அப்படியேதான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து தொட்டியின் கீழ்ப்பெட்டியைத் திறந்து நுரைவாரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நுரை, அதே காரணம். தொட்டியில் நுரை எழுந்தால் போகவேண்டியது போகிறது என்று நிம்மதி அடைகிறோம். உடலில் நுரை எழுந்தால் தங்கவேண்டியது போகிறது என்று பொருள். நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றோ இரண்டோ லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. இரத்தத்தின் புரதம் கழிந்துவிடாமல் நிறுத்திவைப்பது அவற்றின் சல்லடை. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை மிகுந்த இரத்தம் ஓடி ஓடி அந்தச் சல்லடையின் கண்கள் தளர்ந்துவிடுகின்றன. எடுப்பதைவிட எதை எடுக்காமல் விடுவது என்று அறிந்திருப்பதுதான் சிறுநீரகத்தின் மேன்மை. நுரைவாரிக்கு அந்த அறிவு இல்லை. நல்லதோ கெட்டதோ, குமிழியில் ஒட்டியதை அது வாரிக்கொண்டு போகும்.

மருந்து கொடுத்த முறையும் எனக்குப் பழகியதாகவே இருந்தது. சல்லடையின்மீது விழும் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கினார். இரண்டு வாரம் கழித்து இரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிட்டுத்தான் கூட்டுவேன் என்றார். முதல் சோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. நான் பதறினேன். இந்த மருந்துக்கு முதலில் இப்படி ஓரளவு ஏறுவது எதிர்பார்த்ததுதான், ஒரு எல்லைக்குள் இருந்தால் மாற்ற வேண்டியதில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பளத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அம்மாவுக்கு மாத்திரையைவிட அதுதான் கசந்தது. “ஊரெல்லாம் உப்பு, எனக்கு மட்டும் இல்லையாம். உன் மீனுக்கு லிட்டருக்கு எத்தனை கிராம் போடுதே?” என்று கேட்டாள். முப்பத்தைந்து என்றேன். எனக்கு ஒரு நாளைக்கே ஐந்துக்குக் குறைவாம் என்றாள்.

மூன்று ஆண்டுகள் அந்த மட்டம் ஒருவாறு நின்றது. நுரை குறைந்தது. ஆனால் வடிகட்டும் திறனைக் குறிக்கும் எண் ஒவ்வொரு சோதனையிலும் இறங்கிக்கொண்டே வந்தது. 34, 31, 27, 22. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் 17. டயாலிசிஸ் உடனே தேவையில்லை, ஆனால் தேவைப்படும் நாளுக்கு முன்பாகக் கையில் ஒரு சிறு அறுவை செய்து இரத்தக்குழாய்களை இணைத்து வைத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். அம்மா மாட்டேன் என்றாள். வாரத்துக்கு மூன்று நாள் ஓர் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பதைவிடப் போய்ச்சேர்வது மேல் என்றாள். அவளுடைய ஒன்றுவிட்ட அக்காள் ஒருத்தி அப்படிக் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். நான் வாதாடவில்லை. எழுபத்திரண்டு வயதுப் பெண்ணின் உடல் அவளுடையது. தம்பி கப்பலிலிருந்து அழைத்து அழுதான். அதற்கும் அவள் அசையவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் நுரைவாரியின் கிண்ணத்தைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தேன். கழுத்தில் பிசுக்குப் படிந்தால் நுரை ஏறாது. வாரம் இரண்டு முறை துடைக்க வேண்டும். அம்மா நாற்காலியைத் தொட்டியருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அந்த மிஷினு முழுசாச் சுத்தம் பண்ணிருமா?” என்றாள். அவள் எந்த இயந்திரத்தைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. டயாலிசிஸைத்தான் என்று பிறகு புரிந்தது. உள்ளதைச் சொன்னேன். நல்ல சிறுநீரகம் இரவு பகலாகச் செய்யும் வேலையில் ஒரு சிறு பங்கைத்தான் அது செய்யும். மிச்சத்தை உணவிலும் தண்ணீரிலும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“இது?” என்று நுரைவாரியைக் காட்டினாள்.

மூன்றில் ஒன்றுதான் என்றேன். நத்தையையும் பாறையையும் வாராவாரம் மாற்றும் நீரையும் சொன்னேன். அவள் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மீன் சின்ன மீனைத் துரத்திக்கொண்டிருந்தது, நாள்தோறும் நடப்பதுதான்.

“மூணுல ஒண்ணை வச்சே இதுக இந்தப் பாடு படுத்துதுகல்லா,” என்றாள். சிறிது நேரம் கழித்து, “சரி, அந்த ஆபரேசனை மட்டும் பண்ணி வைப்போம். மாட்டிக்கிடுதா இல்லையான்னு அப்பம் பாத்துக்கிடுதேன்,” என்றாள்.

அவள் மனம் மாறியதற்கு நுரைவாரி காரணம் என்று சொல்ல மாட்டேன். இடைப்பட்ட வாரங்களில் அவள் தனக்குள் என்ன பேசிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாது. முழுமையாகக் குணமாகும் என்று நம்பிக்கை கொடுக்கும் பேச்சையெல்லாம் அவள் தள்ளியிருந்தாள். முழுமை இல்லை என்று சொன்னபோது கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அறுவை முடிந்து ஐந்து வாரமாகிறது. இணைத்த குழாய் தடித்து, ஊசியைத் தாங்கும் வலுப்பெற இன்னும் சில வாரமோ சில மாதமோ ஆகும். அதுவரை ஒரு ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி விடச் சொல்லியிருக்கிறார்கள். மணிக்கட்டுக்கு மேலே தொட்டுப் பார்த்தால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும். தமனியின் இரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்வதால் எழும் அதிர்வு. அது இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். இருந்தால் எல்லாம் சரி. அம்மாவே தொட்டுப் பார்த்து, “ஓடுது” என்று சொல்லிவிடுகிறாள். நானும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பிறகு கீழ்ப்பெட்டியைத் திறந்து, கோடு கழுத்தின் அடிவிளிம்பில் நிற்கிறதா என்று பார்த்து, திருகைத் தொடாமல் மூடிவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்புகிறேன்.